லைன் கடைசியில் ஒரு ரிஜிஸ்டர்

என் வீட்டுக்காரருக்குக் காது மந்தம் என்பது வெகுநாள் வரைக்கும் எனக்கு மட்டும்தான் தெரியும். பனியன் கம்பெனியில் துணி பின்னுகிற நிட்டிங் செக்ஷனில் பதினோரு வருஷம் வயர்மேனாக இருந்தவர். அந்த மிஷின்கள் போட்ட இரைச்சலில் கீச்சுச் சத்தமெல்லாம் அவர் காதை விட்டுப் போய்விட்டது. கனமான குரல் அரைகுறையாகக் கேட்கும். குக்கர் விசில், செல்போன் மணி, நான் போடும் கூச்சல் எதுவும் கேட்காது. என் கூச்சல் கேட்காதது மட்டும் நடிப்பு என்று நினைத்து நான் பல வருஷம் சண்டை போட்டிருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வேலம்பாளையத்தில் இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனிதான். நான் இரண்டாவது மாடியில், தையல் லைன் முடிகிற இடத்தில் செக்கர். வந்து விழுகிற பீஸைப் புரட்டிப் பார்த்து, தையல் விட்டிருந்தால் ஸ்டிக்கர் ஒட்டி, ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். இரண்டாயிரத்துக்குப் பிறகு பனியன் வாங்குகிற வெளிநாட்டுப் பையர்கள் கம்பெனியைச் சோதிக்க அடிக்கடி ஆடிட்டுக்கு வர ஆரம்பித்ததும் கம்பெனியில் எதற்கெடுத்தாலும் ரிஜிஸ்டர்தான். கக்கூஸ் கழுவினால் ரிஜிஸ்டர். ஊசி உடைந்தால் ரிஜிஸ்டர். அந்த உடைந்த துண்டு கிடைத்துவிட்டால் அதற்கு வேறொரு ரிஜிஸ்டர்.

அப்படி ஒரு ஆடிட்டுக்காகத்தான் ஃபயர் அலாரம் வந்தது. வெளியாட்கள் வந்து மூன்று தளத்திலும் புகையைக் கண்டுபிடிக்கிற டிடெக்டர்களைப் பொருத்தி, கீழே ஆபீஸ் வாசலில் பேனல் பெட்டியை மாட்டி, ஒருமுறை அடித்துக் காட்டிவிட்டுப் போனார்கள். அதே சமயத்தில் முதலாளி நிட்டிங்கை மூடிவிட்டு, துணியை வெளி மிஷின்களில் ஓட்டி வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்தார். மேனேஜர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னாராம்: "நிட்டிங்ல இனி வேலை இல்லீங்க. அலாரத்தைப் பாத்துக்கறதுக்கு ஒரு ஆள் வேணும். ராயபுரத்துல ஆறு ஞாயித்துக்கெழம கிளாஸ் நடக்குது. கத்துக்கிட்டு வந்தீங்கன்னா அந்த வேலை உங்களுக்குத்தானுங்க."

அவர் வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். "மணிச் சத்தம் கேக்காதவனுக்கு மணி வேலை குடுப்பாங்களா அம்மிணி?" என்றார்.

என் வாய் சும்மா இருக்காதே. "நானும் கிளாசுக்கு வர்றனுங்க. நான் கேட்டு எழுதறேன், நீங்க பாத்துப் படிங்க. காது சமாச்சாரத்தை யாருகிட்டயும் மூச்சு உடாதீங்க" என்றேன். மேனேஜரும் மறுக்கவில்லை. ஃபயர் டீமில் பெண்களும் இருக்க வேண்டும் என்று பையர் கேட்டிருந்தது எனக்குத் தோதாகப் போயிற்று.

ராயபுரத்தில் ஒரு எலெக்ட்ரிக் கடைக்கு மேல் மாடி அறை. பத்துப் பன்னிரண்டு வயர்மேன்கள், நடுவில் நான் ஒருத்திதான் பெண். பாடம் எடுத்தவர் திருநெல்வேலிக்காரர், எங்கள் வயதுதான் இருக்கும். நல்ல மனிதர். ஆனால் பேச்சு கடகடவென்று ஓடும். போதாததற்கு வாயை மூடுகிற அளவுக்கு அடர்த்தியான மீசை. உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடித்துவிடுகிற என் வீட்டுக்காரருக்கு அந்த மீசை பெரிய எதிரியாகிவிட்டது. அதைப் போய்க் கத்தரிக்கச் சொல்ல முடியுமா?

முதல் நாள் வாத்தியார் பலகையில் ஒரு படம் போட்டார். பேனல், அதிலிருந்து போகிற வயர், வயரில் வரிசையாக டிடெக்டர்கள். "இருபத்து நாலு வோல்ட்தான் அண்ணாச்சி, தொட்டாலும் ஒண்ணும் செய்யாது" என்றார். இருநூற்று முப்பது வோல்ட்டோடு காலம் தள்ளியவர்கள் ஏளனமாகச் சிரித்தார்கள். பிறகு படத்தின் கடைசியைக் காட்டி வேகமாக ஏதோ சொன்னார். நான் கேட்டதை அப்படியே எழுதிக்கொண்டேன்: "லைன் கடைசியில் ரிஜிஸ்டர் கண்டிப்பாக வேண்டும். நாலு புள்ளி ஏழு."

எனக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. லைன் கடைசியில் உட்கார்ந்து ரிஜிஸ்டர் எழுதுகிறவளே நான்தானே. நாலு புள்ளி ஏழு என்பது நோட்டின் அகலமாக இருக்கும், பையர் இதற்கும் ஒரு அளவு சொல்லிவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன். வாரம் முழுக்க என் வீட்டுக்காரர் அந்த நோட்டை மனப்பாடம் செய்தார்.

அடுத்த ஞாயிறு வாத்தியார் நேராக அவரைப் பார்த்துக் கேட்டார்: "லைன் கடைசியில என்ன வைக்கணும் அண்ணாச்சி?"

வாத்தியார் படத்தைக் காட்டிய கையை மட்டும் பார்த்தே கேள்வியைப் புரிந்துகொண்ட பெருமையில் என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். "ரிஜிஸ்டருங்க. செக்கர்கிட்ட இருக்குமுங்க."

அறையே சிரித்தது. வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொருளை எடுத்துக் கொடுத்தார். நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிது, இரண்டு பக்கமும் கம்பி, உடம்பில் மஞ்சள், ஊதா, சிவப்புக் கோடுகள். ரெசிஸ்டர். எனக்கு முகம் எரிந்தது. என் வீட்டுக்காரரோ, "நாந்தானுங்க தப்பாக் கேட்டுட்டேன்" என்று சிரித்தபடி உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வரும்போது மொபெட்டில் அந்த நோட்டை மடியில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்தான் வண்டியை ஓரமாக நிறுத்தினார். "நீதான எனக்குக் காது. காது ஒருக்கா தப்பாக் கேட்டுப்போச்சுன்னு யாராச்சும் அறுத்தா போடுவாங்க?" என்றார். நடுரோட்டில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு பிடித்துப்போயிற்று அந்த மனுஷனை.

அதற்கப்புறம் நான் ரோஷத்தோடு படித்தேன். நிறக்கோடு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. நூல் ஷேடில் இம்மி வித்தியாசம் கண்டுபிடிக்கிற கண்ணுக்குப் பழுப்பும் சிவப்பும் எம்மாத்திரம்? ஒவ்வொரு நிறமும் ஒரு எண்: மஞ்சள் நாலு, ஊதா ஏழு, சிவப்பு என்றால் பின்னால் இரண்டு சைபர். நாலாயிரத்து எழுநூறு ஓம்ஸ், ஆயிரக் கணக்கில் சொன்னால் அதுதான் அந்த நாலு புள்ளி ஏழு. மற்றவர்கள் ரெசிஸ்டரைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வர ஆரம்பித்தார்கள்.

அது ஏன் கடைசியில் இருக்க வேண்டும் என்பதையும் வாத்தியார் அழகாகச் சொன்னார். "வீடு போய்ச் சேந்ததும் ஒரு மிஸ்டு கால் குடுப்போம்லா? அதாம் இது. பேனல் கொஞ்சூண்டு கரண்ட்ட அனுப்பிக்கிட்டே இருக்கும். அது கடைசி வரைக்கும் போயி, இந்த ரெசிஸ்டர் வழியாத் திரும்பி வந்தா பச்சை லைட்டு. வயரு நடுவுல அந்துபோச்சுன்னா திரும்பி வராது, மஞ்ச லைட்டு எரியும். சில பேரு சோம்பேறித்தனமா ரெசிஸ்டரப் பேனலுக்குள்ளயே மாட்டிருவான். ஊருக்குப் போகாம பஸ் ஸ்டாண்டுல நின்னே மிஸ்டு கால் குடுக்க மாதிரி."

வயரைச் சோதிக்க மீட்டரில் ஒரு வசதி உண்டு. இரண்டு முனையையும் தொட்டால் பீப் என்று கத்தும். எல்லோரும் பீப் கேட்டதும் அடுத்த வயருக்குப் போய்விடுவார்கள். என் வீட்டுக்காரருக்கு அந்த பீப் ஜென்மத்துக்கும் கேட்காது. அதனால் ஒவ்வொரு தடவையும் ஓம்ஸில் வைத்து எண்ணைப் படித்துப் பார்ப்பார். ரொம்ப மெதுவாக இருக்கிறாரே என்று எனக்குத்தான் எரிச்சல்.

ஆறு ஞாயிறு முடிந்தது. கம்பெனியில் பேனலின் சாவியை அவர் கையில் கொடுத்தார்கள். அடுத்த வாரம் ஆடிட். பச்சை விளக்கு குளுகுளுவென்று எரிந்துகொண்டிருந்தது. நான் நிம்மதியாக என் மேஜைக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் அவர் ஏணியோடு மேலே வந்தார். லைன் கடைசியில் இருந்த டிடெக்டர், சரியாக என் தலைக்கு மேல். ஆரம்பத்தில் பஞ்சு பறந்து வீணாக மணி அடித்தது என்று எங்கள் டெய்லர்கள் ரிப் துணியில் அதற்கு ஒரு குல்லா தைத்து மாட்டியிருந்தார்கள். குல்லாவைக் கழற்றி, டிடெக்டரைத் திருகி எடுத்துப் பார்த்தார். ரெசிஸ்டர் இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் கீழே போய்ப் பேனலைத் திறந்து காட்டினார். உள்ளேயே இருந்தது, மஞ்சள், ஊதா, சிவப்பு.

"எதுக்குங்க வம்பு? பச்சைதான எரியுது? ஆடிட் முடியட்டும்" என்றேன். அதைத் தொட்டு ஏதாவது ஆகி, மேனேஜர் கேள்வி கேட்டு, காது விஷயம் வெளியே வந்தால் வேலை போய்விடும். எனக்கு அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

அவர் கோபமே படவில்லை. "மேல நீ உக்காந்திருக்கறயே அம்மிணி" என்றார். அவ்வளவுதான்.

பேனலை அணைத்துவிட்டு, அதைக் கழற்றி மேலே கொண்டுபோய், இருக்க வேண்டிய இடத்தில் மாட்டிவிட்டு, பேனலைப் போட இறங்கிப் போனார். இரண்டு நிமிஷத்தில் கீழேயிருந்து காதைத் துளைக்கிற ஒரு கீச்சுச் சத்தம் வந்தது. நான் படியில் ஓடினேன். பேனலில் மஞ்சள் விளக்கு. பஸ்ஸர் அலறுகிறது. ஆபீஸ் ஆட்கள் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் பேனலுக்கு முன்னால், கோயிலில் சாமி பார்க்கிற மாதிரி அமைதியாக நின்று அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் பின்னால் நின்று இரண்டு தடவை கூப்பிட்டார். அவர் திரும்பவே இல்லை.

மேனேஜர் என்னைப் பார்த்தார். "அவருக்குக் காது கேக்காதுங்களா?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. "கேக்காதுங்க. உங்க நிட்டிங்ல நின்னு நின்னு போன காதுங்க அது. ஆனாக் கண்ணு நல்லாத் தெரியுமுங்க. இத்தன நாளா பச்சை எரிஞ்சுதே, அது பொய்யினு வேற யாருங்க கண்டுபிடிச்சா?" என்றேன்.

என் வீட்டுக்காரர் மீட்டரைத் தூக்கிக்கொண்டு படியேற, மேனேஜரும் பின்னாலேயே போனார். முதல் மாடி தாண்டிப் படி திரும்புகிற இடத்தில், அயர்ன் டேபிளுக்கு ஸ்டீம் பைப் போட்டவர்கள் சுவரைத் துளைத்தபோது வயரையும் சேர்த்து அறுத்திருந்தார்கள். அன்றைக்கிருந்து இரண்டாவது மாடியில் தீப்பிடித்திருந்தால் ஒரு மணியும் அடித்திருக்காது. நூற்றுக்கணக்கான பேர் அங்கே தைத்துக்கொண்டிருந்தோம். மேனேஜர் அந்த அறுந்த நுனியை ஒட்டுவதற்குத் தன் கையாலேயே பிடித்துக்கொடுத்தார்.

வயரை ஒட்டி முடித்ததும் பச்சை வந்தது. பிறகு சோதனை. கம்ப்யூட்டர் சாம்பிராணியை ஒரு நீளக் குச்சியில் கட்டி, என் தலைக்கு மேல் இருந்த டிடெக்டருக்குக் கீழே நானே பிடித்தேன். ஹூட்டர் அலறியது. மிஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் வரிசையாக இறங்கினார்கள். ஆள் எண்ணுவதற்கு அட்டெண்டன்ஸ் எடுத்துக்கொண்டு கடைசியாக இறங்க வேண்டியது செக்கர். அது டிரில் விதி.

அவர் கீழே சிவப்பு விளக்கைப் பார்க்காமல் படியையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் வருகிறேனா என்றுதான். என்னைக் கண்டதும் அந்த முகத்தில் வந்த சிரிப்பு எனக்கு ஆயுசுக்கும் போதும்.

மேனேஜர் சுற்றிக்கொண்டு அவருக்கு நேர் முன்னால் வந்து நின்றார். வாயை நன்றாகத் திறந்து, "இனி எப்பவும் முன்னாடி வந்துதான் பேசுவனுங்க. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். அன்றைக்கே ஃபயர் டீம் பட்டியலில் எங்கள் இருவர் பெயரையும் ஒரே வரியில் எழுதினார். அவருக்கு நேரே பேனல் என்றும் எனக்கு நேரே சத்தம் கேட்பது என்றும்.

"மணிதான கேட்டுச்சு? வேற ஏதாச்சும் கேட்டுப்போட்டயா?" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் கையில் இருந்ததைத் தூக்கிக் காட்டினேன். ரிஜிஸ்டர். லைன் கடைசியிலிருந்து கொண்டுவந்தது.