டெரிக்கின் மூக்கு

அம்மா இரண்டாவதாகக் கட்டிக்கொண்ட டெரிக்குக்கு பஸ் ஓட்டும் வேலை. லீவு நாளில் வீட்டை ரிப்பேர் செய்கிறேன் என்று இன்னும் கொஞ்சம் கெடுப்பார்.

எங்கள் நாய் பிக்கிள், சுவரின் அடியோரமாகப் பதித்த மரச்சட்டத்தை மூலையில் குதறி வைத்திருந்தது. வாடகை வீடு; மதியம் வீட்டுக்காரம்மா பார்வையிட வருகிறார். பார்த்தால் நாயை அனுப்பச் சொல்லிவிடுவார். டெரிக் முந்தின இரவு முழுக்கத் தூங்கவில்லை.

அவரிடம் சீப்பு மாதிரி ஒரு கருவி உண்டு. எதன்மேல் அழுத்தினாலும் அதன் கம்பிகள் அந்த வளைவைப் பிடித்துக்கொள்ளும். பக்கத்துச் சட்டத்தின் வளைவை அதில் எடுத்தவர், டீக்கு வைத்த கெட்டில் கொதிப்பதற்குள் அந்தக் கருவியின்மேலேயே கவிழ்ந்து தூங்கிப்போனார். எழுந்ததும் கம்பிகள் காட்டிய வளைவைப் புதுக்கட்டையில் வரைந்து அறுத்தார். கட்டை மூலையில் உட்காரவே இல்லை.

"டெரிக், கட்டையைத் திருப்பிப் பாருங்க. உங்க மூக்கு!" என்றேன்.

"அடிப்பாவி, பார்த்துக்கிட்டேவா இருந்தே?"

"அவ்வளவு நிம்மதியா தூங்கினீங்க. எழுப்ப மனசு வரல."

வாசல் மணி அடித்தது. வேறு வழியில்லாமல் மூக்குக் கட்டையையே மூலையில் செருகினார். பிக்கிள் ஓடிவந்து மோந்து பார்த்தது. டெரிக் வாசம் போலிருக்கிறது. அதை மறைத்துப் படுத்து, ஆசையாக நக்க ஆரம்பித்தது.

"எவ்வளவு சாது! எதையும் கடிக்காது போல," என்றார் வீட்டுக்காரம்மா.

"முத்தம் மட்டும்தாங்க கொடுக்கும்," என்றேன்.

மறுநாள் டெரிக் சரியான கட்டையை அறுத்துப் பொருத்தினார். மூக்குக் கட்டையைக் காணோம் என்று இன்னும் தேடுகிறார். அது என் தலையணைக்கு அடியில் இருக்கிறது.