தாழ்மையுடன் கேட்டவர் யார்?

மனு எழுதுகிறவனுக்குச் சொந்தமாக ஒரு குறையும் இருக்கக்கூடாது; ஊராரின் குறைகளை அடிக்கவே தட்டச்சு நாடா போதாது.

தொண்ணூறுகளின் நடுவில் வவுனியாவில் ஓர் அரச அலுவலகத்துக்கு எதிரே, சைக்கிள் கடைத் தாழ்வாரத்தில், ஒரு தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்திருந்தேன். படிவமும் கையுமாக வரிசையில் நின்று கால் கடுத்தவர்களுக்கு நான் சொல்லப்போவது நன்றாகவே விளங்கும்.

எந்தப் பிரசை?

செட்டிகுளத்திலிருந்து இரண்டு பேர் ஒரே பஸ்ஸில் வந்தார்கள். இருவர் பெயரும் வாக்காளர் இடாப்பில் விடுபட்டிருந்தது. ஒருவர் யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்து குடியேறி வயல் செய்பவர். மற்றவர் மருதாயி அம்மா. இனக்கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்து, இங்கே கூலிக்குக் களை பிடுங்குபவர்.

'வம்சாவளிப் பிரசையா, பதிவுப் பிரசையா' என்று படிவம் கேட்டது; பிரசாவுரிமை பரம்பரையாய் வந்ததா, விண்ணப்பித்துப் பெற்றதா என்று அர்த்தம். வயல்காரர் யோசிக்கவேயில்லை, வம்சாவளி என்று சொல்லி ஒப்பமிட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார். மருதாயி அம்மா பொலித்தீன் பையிலிருந்து பிரசாவுரிமைச் சான்றிதழை எடுத்து நீட்டினார்.

"நீங்கள் பதிவுப் பிரசை அம்மா. ரெண்டும் ஒண்டுதான், சட்டத்திலை வித்தியாசமில்லை, வோட்டு உங்கடை உரிமை," என்றேன். அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவர் சான்றிதழை மடித்தபடி கேட்டார்: "ஒண்ணுதான்னா எதுக்குங்கய்யா ரெண்டு பேரு? பதிஞ்சத அழிக்கவும் ஏலும்தானே?"

ஒரு சொல்

படிவத்தோடு ஒரு மனுவும் வைப்பது வழக்கம். ஆள் வாய் திறக்கும் முன்பே என் விரல்கள் 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்வது யாதெனில்' என்று அடித்துவிடும். மருதாயி அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டச் சொன்னவர் முதல் வரியிலேயே நிறுத்தினார்.

"வோட்டு என்னோட உரிமைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஓம் அம்மா."

"அப்ப அந்தத் தாழ்மைய எடுத்துடுங்க."

அதுதான் முறை, அதிகாரி கோபித்தால் காரியம் கெட்டுவிடும் என்று மறுத்துப் பார்த்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "சுதந்திரம் வந்த கையோட வோட்டு இடாப்புல எங்கப்பா பேர வெட்டினப்ப தோட்டத்துல எல்லாரும் கும்பிட்டுத்தான் கேட்டாங்க. சாகிற வரைக்கும் அவரு வோட்டுப் போடலீங்க. நான் கும்பிடாமக் கேட்டுப் பாக்குறேன்."

என் கெட்டித்தனம்

புதிய தாளில் திருப்பி அடித்தேன். அந்தச் சொல்லையும் சேர்த்தே அடித்தேன். வாசித்துக் காட்டும்போது மட்டும் அதை விட்டுவிட்டேன். அவருடைய நல்லதுக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் நம்பிப் பெருவிரல் அடையாளம் வைத்தார்.

பெயர் சேர்ப்பதற்காக அலுவலகத்தில் நடந்த விசாரணைக்கு என்னையும் துணைக்குக் கூட்டிப்போனார். அவருக்கு முன் போன வயல்காரரிடம் அதிகாரி எந்தச் சான்றிதழும் கேட்கவில்லை. மருதாயி அம்மாவுடையதை மட்டும் யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மனுவை உரத்து வாசித்தார். 'தாழ்மையுடன்' என்ற சொல் வந்ததும் மருதாயி அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

இரண்டு நிமிடத்தில் பெயரைச் சேர்க்கச் சொல்லிவிட்டார் அதிகாரி. அவர் பார்த்தது சான்றிதழைத்தான். அந்தச் சொல் இல்லாவிட்டாலும் சேர்த்திருப்பார். எனக்கு வெட்கமாக இருந்தது. வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "பேரு வந்துருச்சுங்கய்யா. ஆனா கேட்டது நானில்ல."

அதற்குப் பிறகு ஆளைக் கேட்டுவிட்டே அந்தச் சொல்லை அடித்தேன். பெரும்பாலானோர் போடச் சொன்னார்கள், நானும் தாழ்மையுடன் போட்டேன்.