புருவம் இல்லாத விற்பனையாளர்

அவருக்குப் புருவம் இரண்டும் இல்லை. அந்த இடத்தில் தோல் மட்டும் பளபளத்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவின் ஈப்போ நகரில், இரும்புச் சாமான் கடையொன்றில் விற்பனைக்கு நின்றவர். இன்றும் அவரை நினைத்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

அதே ஊரின் புந்தோங் பகுதியில், வீட்டுக்குப் பின்னால், தோட்டத்து வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தேன். அதற்குக் கேஸ் வெல்டிங் சாமான் வாங்க அந்தக் கடைக்குப் போயிருந்தேன். கார்பைடு கல்லில் தண்ணீர் சொட்டி கேஸ் உண்டாகும் தொட்டிகள் இரண்டு இருந்தன. கசியாததை எடுத்துக்கொள்வதாகச் சொன்னேன்.

அவர் இரண்டிலும் கல் போட்டுத் தண்ணீர் விட்டார். பூண்டு நாற்றம் கிளம்பியது. மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். கல்லாவில் உட்கார்ந்திருந்த கடை முதலாளி எழுந்து வெளியே போனார். இவர் குச்சியைக் கிழித்து, தொட்டியின் மூட்டுகளில் காட்டப் போனார். கசிகிற இடத்தில் பற்றிக்கொள்ளுமாம்!

பாய்ந்து ஊதி அணைத்தேன்.

“யோவ், கிறுக்கா ஒனக்கு? புருவம் போனது போதாதா? சவுக்கார நுரையைப் பூசினா கசியிற எடத்துல குமிழி வருமே!”

“நுரை பட்டா சாமான்ல கறை விழும்னு மொதலாளி ஏசுவாரு, அண்ணே.”

“கூப்பிடு அவரை, நான் கேக்குறேன்.”

“அவரு நிக்கமாட்டாரு லா. நான் தீப்பெட்டிய எடுத்தா கடையவே என்கிட்ட விட்டுட்டுப் போயிருவாரு. அவ்வளவு நம்பிக்கை.”

பெருமையாகச் சிரித்தார்.

எதையும் வாங்காமல் வாசலுக்கு வந்தேன். தெருவுக்கு எதிர்ப்பக்கம், தூணின் மறைவில் நின்று முதலாளி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வந்து உம்ம கடைக்குள்ள நில்லுமய்யா!” என்று கத்தினேன்.

அவர் அசையவில்லை. எனக்குப் பின்னால், கடைக்குள், அடுத்த குச்சி கிழிபடும் சத்தம் கேட்டது.