குழாயடிப் பள்ளம்

குழாயடிப் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்த நாளிலிருந்து எனக்கு அடங்காப்பிடாரி என்று பெயர். இருக்கட்டுமே. சும்மாவா கிடைத்தது அந்தப் பட்டம்?

ஐம்பதுகளின் கடைசி அது. திருச்சியில் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் சந்து. பாதி எங்களவர்கள், பாதி முஸ்லிம் வீடுகள், எல்லாருக்கும் சேர்த்து ஒரே முனிசிபல் குழாய். காவிரி கூப்பிடு தூரத்தில் ஓடும். குழாயில் மட்டும் தண்ணீர் ஏறாது. தரைக்கு மேலே ஏறாத தண்ணீர் கீழே இறக்கினால் வருமே என்று யாரோ ஒரு மகராசன் பள்ளம் தோண்டி, குழாயை வெட்டி உள்ளே இறக்கிவிட்டான். பக்கத்துச் சந்துக்காரர்கள் விடுவார்களா? அவர்கள் இன்னும் ஆழமாகத் தோண்டினார்கள். நாங்கள் அதைவிட ஆழமாக. இப்படிப் போட்டி போட்டுக்கொண்டு பாதாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். பாத்திரம் கழுவிய தண்ணீர், மழைத் தண்ணீர், சாக்கடை எல்லாம் பள்ளத்தில் வந்து தேங்கும். குழாயின் வாய் அதற்குள் முங்கிக் கிடக்கும். தண்ணீர் நின்றதும் குழாய் அந்த அழுக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் காலையில் அதையேதான் குடத்தில் பிடித்துக் குடிப்போம்.

என் மகளுக்கு அப்போது நாலு வயது. டைபாய்டு வந்து பிழைத்தாள். தலைமுடியெல்லாம் கொட்டி, தேறி, மறுபடி ஓடியாடத் தொடங்கியதும் மஞ்சள் காமாலை. முனிசிபல் ஆஸ்பத்திரி டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“இன்னொண்ணு வந்தா குழந்தை தாங்காதும்மா. தண்ணியைக் காய்ச்சிக் குடுங்க.”

“வீட்ல காய்ச்சித்தான் டாக்டர் குடுக்குறேன். விளையாடுறப்ப பள்ளத்துல இறங்கிக் குடிச்சுட்டு வர்றாளே, என்ன பண்ணட்டும்? காலைக் கட்டிப் போடவா?”

மருந்துச் சீட்டை எழுதி என் கையில் கொடுத்தார்.

முனிசிபல் ஆபீசுக்குப் போனேன். சானிட்டரி இன்ஸ்பெக்டர் வந்து பள்ளத்தில் பிளீச்சிங் பவுடரைத் தூவினார். “மூடுறது வாட்டர் செக்‌ஷன் வேலைம்மா” என்றார். வாட்டர் செக்‌ஷன் ஓவர்சீயரிடம் போனேன். “காய்ச்சல், காமாலையெல்லாம் ஹெல்த் செக்‌ஷன்மா. எங்க வேலை தண்ணி விடுறது. விடுறோம்ல?” என்றார். இரண்டு பேர் அறையும் ஒரே வராந்தாவில், எதிரும் புதிருமாக. நடந்து நடந்து என் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். என் பிள்ளை செத்தால் எந்த செக்‌ஷனில் எழுதிக்கொள்வார்கள்?

மறுநாள் காலை, தண்ணீர் வரும் நேரத்தில், புடவையை வரிந்து கட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கிக் குழாயை மறித்து உட்கார்ந்தேன். மேலே குடங்களோடு பெண்கள் கூடிவிட்டார்கள்.

“எந்திரிங்கக்கா, தண்ணி நின்னுடப் போவுது!”

“நிக்கட்டும்.”

“இவளுக்கு என்ன, பேய் பிடிச்சிருக்கா?”

“ஆமா, பிடிச்சிருக்கு. அந்த ரெண்டு ஆபீசரும் ஒண்ணா இங்க வந்து நிக்கிற வரைக்கும் போகாது.”

என் வீட்டுக்காரர் துறையூர் பஸ்ஸில் கண்டக்டர். டியூட்டிக்குக் கிளம்பியவர், மானம் போகிறது என்று பல்லைக் கடித்தார். “போனா போகட்டும். பிள்ளை போயிட்டா எங்க போய்த் தேடுவீங்க?” என்றேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போனார். எதிர்வீட்டு அத்தர்கடை பாய்தான் முதலில் என் பக்கம் வந்தார். போன மழைக்காலத்தில் இதே காய்ச்சலில் பேரனைப் பறிகொடுத்தவர் அவர்.

“நீங்க உக்காருங்கம்மா. டாக்டரம்மாகிட்ட சொல்லி அந்த ரெண்டு ஆபீசரையும் கூட்டிட்டு வரேன், இன்ஷா அல்லாஹ்.”

டாக்டரம்மா ஆபீசுக்கே போய், இருவரையும் ஒரே குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். ஓவர்சீயர் பள்ளத்தை எட்டிப் பார்த்தார்.

“இதை மட்டும் மூடினா அடுத்த சந்துப் பள்ளம் மொத்தத் தண்ணியையும் இழுத்துக்கும்மா. மூடினா எல்லாத்தையும் ஒரே நாள்ல மூடணும். அத்தனை பேரும் ஒத்துக்குவாங்களா?”

ஒத்துக்கொள்ள வைத்தோம். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் பாய் பேசினார். பிள்ளையார் கோவில் வாசலில் நான் கத்தினேன். டாக்டரம்மா வீடு வீடாக ஏறி, காய்ச்சல் எங்கிருந்து வருகிறது என்று பொறுமையாகச் சொன்னார். வேலை முடிகிறவரை பள்ளிவாசல் கிணற்றை எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். மூக்கைச் சுளித்த எங்களவர்களிடம், “ஏன், பள்ளத்துச் சாக்கடை இனிச்சுதோ?” என்று கேட்டேன்.

பஸ் ஸ்டாண்டு ஓட்டல் முதலாளி மட்டும் மசியவில்லை. இருப்பதிலேயே ஆழமான பள்ளம் அவருடையது. ஓட்டலின் லைசென்ஸ் சானிட்டரி இன்ஸ்பெக்டர் கையில், குழாய் ஓவர்சீயர் கையில். தனித்தனியாக வந்தபோதெல்லாம் இருவருக்கும் காபி கொடுத்து அனுப்பியவர்தான் அவர். பள்ளங்களை மூடும் நாளன்று இருவரும் சேர்ந்து கல்லாவுக்கு முன்னால் நின்றார்கள். பின்னால் டாக்டரம்மா, பாய், காலிக் குடங்களோடு நாங்கள். அன்று காபி வரவில்லை. சாயங்காலத்துக்குள் அந்தப் பள்ளமும் மூடப்பட்டது.

எல்லாச் சந்துகளிலும் குழாய் இடுப்பு உயரத்துக்கு ஏறியது. தண்ணீர் நூலாகத்தான் விழுந்தது. குடம் நிறைய நேரமாகிறது என்று என்னைத் திட்டினார்கள். நானும் சளைக்காமல் திருப்பித் திட்டினேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வருஷா வருஷம் மழையோடு காய்ச்சலும் வருமே. மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. கார்த்திகையில் மழை விட்டது. எங்கள் சந்தில் ஒரு குழந்தைகூடப் படுக்கையில் விழவில்லை.

குழாயடியில் இதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே என் மகள் விளையாட்டின் நடுவில் ஓடி வந்தாள். குழாயைத் திருகி, இரண்டு கையிலும் ஏந்திக் குடித்தாள். பள்ளத்து நாட்களின் பழக்கத்தில் என் கை தானாக ஓங்கியது. முகமெல்லாம் தண்ணீரோடு அவள் மிரண்டு பார்த்தாள். ஓங்கிய கையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

“குடிடீ” என்றேன். “வயிறு முட்டக் குடி. யார் என்ன சொல்றாங்கன்னு நான் பாத்துக்கிறேன்.”