பந்தியை விட்டு எழாதவன்

எருமப்பட்டிப் பக்கத்து மேட்டுக்காட்டில் முதல் கோழிக் கொட்டகை போட்டவன் நான். தண்ணீர் கிடையாது, கரண்ட் கிடையாது, பேங்க்காரன் வாசலோடு அனுப்பிவிட்டான். அதற்கும் முன்னால், போர்வெல் தோண்டும் ரிக் வண்டியில் குழாய் தூக்கும் ஆளாக ஏறி, மத்தியப் பிரதேசம் வரைக்கும் போர் போட்டு, கடைசியில் அந்த வண்டியையே விலைக்கு வாங்கியவன். மோகனூர் ரோட்டில் நிற்கிற கல்யாண மண்டபமும் என்னுடையதுதான். ஐந்தாம் வகுப்புப் படித்தவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்கள் இப்போது அந்த மண்டபத்தில்தான் வந்து கை நனைத்துவிட்டுப் போகிறார்கள்.

இந்தக் கணக்கில் யாரும் சேர்க்காத ஒன்று உண்டு. என் அக்காவின் மூத்த மகன் அமெரிக்காவில் கால் ஊன்றியதும் என்னால்தான்.

படித்தது அவன்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே போய் இறங்கியதும் எங்கே தங்குவான்? என்னோடு ரிக் ஓட்டிய திருச்செங்கோட்டுக் கூட்டாளியின் மகன் முன்பே அங்கே போயிருந்தான். கூட்டாளியிடம் ஒரு வார்த்தை சொன்னேன். அவர் மகன் ஏர்போர்ட்டுக்கே வந்து இவனைக் கூட்டிப் போய், குளிர்காலம் முழுவதும் தன் வீட்டுக் கூடத்தில் படுக்க வைத்துச் சோறு போட்டான். வாடகை என்று வாய் திறக்கவில்லை. எல்லாம் என் முகத்துக்காக.

இப்போது இவன் அந்த நாட்டுக் குடிமகன். ஓட்டுப் போடுகிறான். போன தை மாதம் தன் பையனுக்குக் காது குத்த வந்தான். என் மண்டபம், கறிச்சோறு. எங்கள் பக்கத்துப் பந்தி தெரிந்ததுதான்: சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னாலேயே அடுத்த ஆள் வந்து நின்றுகொள்வார். சாப்பிட்டவர் இலையை மடித்து எழுந்தால்தான் நிற்பவருக்குச் சோறு.

அன்று இவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றவன் இவனுடைய சொந்தத் தம்பி. தம்பி மகளுக்கு இவன் இருக்கும் ஊரிலேயே மேல்படிப்புக்கு இடமும் கிடைத்து, விசாவும் வந்துவிட்டது. தெரியாத தேசத்துக்குப் பெண்பிள்ளையைத் தனியாக அனுப்ப அவள் அம்மா ஒப்பவில்லை. பெரியப்பன் வீட்டில் கொஞ்ச நாள் இருக்கலாம் என்றால் அனுப்புவாள். இல்லையென்றால் அந்தப் பிள்ளையின் படிப்பு அத்தோடு போயிற்று.

“அண்ணா, புள்ள கொஞ்ச நாளைக்கு உங்க ஊட்டுல இருந்துக்கட்டுங்களா?” என்று தம்பி குனிந்து கேட்டான்.

இவன் எலும்பைக் கடித்துக்கொண்டே, பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னான்: “இப்ப ஆரும் அங்க வராம இருக்கறதே நல்லதுப்பா. கூட்டங் கூட்டமா வந்து எங்க பேரையும் சேர்த்துக் கெடுக்கறாங்க. விசாவக் கொறைக்கோணும்னுதான் நானே ஓட்டுப் போட்டேன். நாங்கெல்லாம் தகுதியில வந்தவங்க.”

பந்தியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஏனுங்க மாப்ள, அடுத்தவன் ஊட்டுக் கூடத்துல குளிர்காலம் பூரா படுத்துக் கெடந்தீங்களே, அதுவும் தகுதியிலதானுங்களா?”

பந்தி சிரித்தது.

“அது வேற காலம் மாமா. அங்கத்த பாலிசியெல்லாம் உங்களுக்குத் தெரியாதுங்க.”

“பாலிசி தெரியாது சாமி. உன்ற தம்பி பின்னால நிக்கறது தெரியுது. தின்னாச்சுல்ல, எலைய மடிச்சுப் போட்டு எந்திரி.”

எழுந்தானா? போனைப் பார்த்துக்கொண்டு இன்னொரு கரண்டி ரசம் கேட்டான். தம்பிக்குக் கடைசிப் பந்தியில் வெறும் குழம்புதான் கிடைத்தது.

என் கோழிப்பண்ணை மேஸ்திரி ஒடிசாக்காரன். பீகாரிலிருந்து புது ஆட்கள் வந்து இறங்கியபோது அவனும் இதே பாட்டைத்தான் பாடினான்: “இவங்க வேணாம் முதலாளி, சரியில்லாத ஆளுங்க.” “நீ வந்தப்ப உன்னையும் இப்படித்தான்டா சொன்னாங்க” என்றேன். அவனாவது தலையைச் சொறிந்துகொண்டு போய், அன்று சாயங்காலம் அவர்களுக்கும் சேர்த்துச் சோறு பொங்கினான். அமெரிக்காக்காரனுக்கு அந்த வெட்கமும் இல்லை.

மறுநாளே செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன். என் மண்டபத்துக்கு ஜமுக்காளம், திரைத்துணி எல்லாம் கொடுக்கிற ஜவுளிக்கடை பாயின் மகள், அந்தப் பிள்ளை படிக்கப் போகும் அமெரிக்க ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறாள். விஷயத்தைச் சொன்னேன்.

“இதுக்கா பஸ் ஏறி வந்தீங்க? போன்ல சொன்னா ஆவாதா?” என்று கடிந்துகொண்டு, என் எதிரிலேயே மகளைக் கூப்பிட்டார்.

“வரட்டும் அத்தா. சமைக்கத் தெரியுமான்னு மட்டும் கேளுங்க. எனக்குத் தெரியாது” என்றது போன்.

என் வார்த்தையை நம்பிப் பிள்ளையின் அம்மாவும் ஒப்பினாள். எனக்குப் பேத்தி முறையாகும் அந்தப் பிள்ளை போய்ச் சேர்ந்து, படிக்கவும் ஆரம்பித்துவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பன் அவளை ஓட்டலுக்குக் கூட்டிப் போய், தோளில் கை போட்டுப் படம் எடுத்து, குடும்ப வாட்ஸாப்பில் போட்டிருக்கிறான். ‘நான் போட்ட பாதையில் எங்கள் அடுத்த தலைமுறை’ என்று கீழே எழுத்து வேறு. சொந்தக்காரர்கள் வரிசையாகக் கை கூப்புகிறார்கள்.

இவன் போட்ட பாதையாம்! இவன் போனதும் என் வார்த்தையில், அவள் போனதும் என் வார்த்தையில். அடுத்த விசேஷத்துக்கு இவன் என் மண்டபத்துக்குத்தானே வர வேண்டும்? வரட்டும். திருச்செங்கோட்டுக் கூட்டாளியையும் செவ்வாய்ப்பேட்டை பாயையும் முன்வரிசையில் உட்கார வைத்திருப்பேன். மைக்கைப் பிடித்து, பாதை போட்டது யார் என்று இவன் வாயாலேயே சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் இவனுக்கு இலை.