இடது கண்ணுக்கு எந்த ஷீல்டு? கோவில்பட்டிப் பக்கம் ஒரு வெள்ளிக்கிழமை

கடந்த ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, மதுரையிலிருந்து கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போய் வந்தேன். ஊர் சுற்ற இல்லை, ஒரு மணப்பெண்ணின் இமை முடியைத் தூக்கிவிட. கொரியன் லேஷ் லிஃப்ட் என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். மேல் இமையில் ஷீல்டு என்கிற சின்ன சிலிக்கான் அச்சை ஒட்டி, முடியை அதன்மேல் படிய வைத்து மருந்து தடவினால் ஆறு வாரத்துக்கு முடி நிமிர்ந்து நிற்கும். அச்சு தப்பினால் அதே ஆறு வாரத்துக்குக் கோணலாக நிற்கும். வெளியூர் போய் இந்த வேலையைச் செய்ய நினைக்கும் பார்லர்காரப் பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

மணப்பெண் பெயர் மாரிச்செல்வி. முந்தின வாரம் ஜவுளி எடுக்க மதுரை வந்தவள், என் பார்லருக்கும் வந்தாள். நிச்சயதார்த்த போட்டோவைப் பார்த்த மாப்பிள்ளையின் தங்கை, மதினிக்கு ஒரு கண் சின்னது என்று சொல்லிவிட்டாளாம். அன்றிலிருந்து இவளுக்குத் தூக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். காதுக்குப் பின்னால் மருந்தைத் தடவி, ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்தேன். வலது கண் முடியை அளந்து ‘எம்’ சைஸ் என்று எழுதிக்கொண்டேன். இடது கண்ணை அளக்கவில்லை. இரண்டு கண்ணும் ஒன்றுபோலத்தானே இருக்கும் என்ற மிதப்பு.

காலை ஆறரைக்கு மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன். கோவில்பட்டிக்குச் சுமார் நூறு கிலோமீட்டர், டிக்கெட் நூற்றுப் பத்து ரூபாய். எட்டே முக்காலுக்கு இறங்கி, இட்லி சாப்பிட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். ஒன்பது கிலோமீட்டருக்கு இருநூற்றைம்பது. டவுன் பஸ்ஸும் உண்டு, ஆனால் மருந்துப் பெட்டியோடு கூட்டத்தில் நிற்க முடியாது. என்ன வேலையாக வந்தேன் என்று ஆட்டோக்காரர் கேட்டார். சொன்னேன்.

“கண்ணு முடியத் தூக்கவா மதுரையில இருந்து வாரீங்க?” என்றார். ஆமாம் அண்ணாச்சி என்றேன்.

பத்து மணிக்கு வேலையை ஆரம்பித்தேன். மாரிச்செல்வி கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள், அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பந்தலுக்கு ஆள் வரவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தார். வலது கண்ணில் எம் அச்சு கச்சிதமாக உட்கார்ந்தது. முடியின் நுனி அச்சில் முக்கால் உயரம் வர வேண்டும் என்பது பயிற்சியில் சொன்ன கணக்கு, அப்படியே வந்தது. இடது கண்ணில் அதே எம் போட்டால், கடைக்கண் பக்கம் முடி பாதிகூட ஏறவில்லை. ஒட்டியதைப் பிரித்து வேறொன்று போட்டேன். என் செட்டில் எஸ், எல் தவிர எம்மிலேயே எம், எம் ஒன்று, எம் இரண்டு என்று மூன்று தினுசு. எது பெரியது என்பதே அப்போது மறந்துபோனது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் எல்லாம் கொரிய எழுத்து. நாற்பது நிமிடம், ஐந்து ஷீல்டு, நெற்றியெல்லாம் வியர்வை.

“என்னம்மா, அச்சு சேரலியா?” என்று அம்மா கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது, என்மேலேயே.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அந்த முடியை விரலால் தொட்டுப் பார்த்தேன். கரகரவென்று இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஒவ்வொரு நுனியிலும் பொடிப் புள்ளி. வளராத முடி இல்லை, கருகின முடி. என்ன வேலை பார்க்கிறாய் என்று அப்போதுதான் அவளிடம் கேட்டேன்.

“கடலமிட்டாய்க் கம்பெனியில வறுப்பு அடுப்பு பாக்குதேன் அக்கா. வலப்பக்கம் சுவரு. இடப்பக்கமாக் குனிஞ்சுதான் விறகத் தள்ளணும்.”

வேர்ப்பக்கம் முடி நன்றாகவே இருந்தது, மருந்தும் வேர்ப்பக்கம் மட்டும்தான் படும். அதனால் இடதுக்கு ‘எஸ்’ ஷீல்டு, வலதுக்கு எம் என்று முடிவு செய்தேன். சின்ன அச்சு முடியை அதிகம் வளைக்கும் என்பதால் இடதுக்கு மருந்து வைக்கும் நேரத்தில் இரண்டு நிமிடம் குறைத்துக்கொண்டேன். சரியா என்று இன்றும் முழுசாகத் தெரியாது. முடிந்தபின் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று நடந்தது. இரண்டு ஷீல்டையும் ஒட்டி, முடியை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிய வைத்த பிறகு, உன் கண் சின்னது இல்லை, நுனி கருகினதால்தான் போட்டோவில் அப்படித் தெரிகிறது என்று சும்மா பேச்சுவாக்கில் சொன்னேன்.

“அப்போ என் கண்ணுல குறை ஒண்ணும் இல்லையா அக்கா?”

இல்லை என்றேன். மூடிய இமைக்கு அடியிலிருந்து கண்ணீர் வழிந்தது. பசை நனைந்து இரண்டு ஷீல்டும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டன. அழாதே, அழாதே என்று அதட்டினேன். அதற்குள் அம்மாவும் அழ ஆரம்பித்துவிட்டார். எல்லாவற்றையும் துடைத்து முதலிலிருந்து ஒட்டினேன். மதுரை திரும்ப மாலை ஆறாகிவிட்டது.

போகிறவர்களுக்கு: மழை நாளில் கிளம்பாதீர்கள், கரிசல் மண் ஆட்டோ சக்கரத்தைப் பிடித்தால் விடாது. எஸ் முதல் எல் வரை எல்லா சைஸிலும் இரண்டு ஜோடி எடுத்துப் போங்கள். இரண்டு கண்ணையும் அளங்கள், என்ன வேலை பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். நல்ல செய்தி ஏதும் சொல்வதாக இருந்தால், ஷீல்டு ஒட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.