செல்லக்கிளி உறை ஊற்றிய களிம்பு

எங்கள் ஆய்வில் அறுபது பேர் சேர்ந்தார்கள். ஐம்பத்தொன்பது பேர் சொன்னபடி கேட்டார்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட இப்போது எனக்கு ஞாபகமில்லை. சொன்ன பேச்சு கேட்காத அந்த ஒருத்தி செல்லக்கிளி.

நான் இருதயமேரி, திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில் நர்ஸ். கரப்பான் படை வந்த பெரியவர்களுக்காக, உயிருள்ள நல்ல கிருமிகளைக் கலந்து ஒரு களிம்பு செய்திருந்தார்கள். அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதுதான் ஆய்வு. ஆளுக்கு இரண்டு டியூப், வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று. ஒன்றில் மருந்து, மற்றதில் கிருமி இல்லாத வெறும் களிம்பு. எதில் எது என்பது அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, டாக்டர் மகாலட்சுமிக்கும் தெரியாது. எல்லாம் முடிந்த பிறகுதான் பட்டியலைத் திறப்பார்கள்.

செல்லக்கிளிக்குக் காட்டூரில் வீடு. துவாக்குடியில் காலேஜ் பசங்கள் சாப்பிடும் மெஸ்ஸில் பதினோரு வருஷமாகப் பரிமாறுகிறாள். எவனுக்கு ரசம் தெளிவாக வேண்டும், எவன் கத்தரிக்காயை ஒதுக்குவான், பரீட்சை நாளில் எவனுக்குச் சோறு இறங்காது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அப்படிப்பட்டவளின் இரண்டு கையும் கரப்பானில் வெடித்துக் கிடந்தன, வலது கை ரொம்ப மோசம். புதிதாகச் சேர்ந்த ஒருவன் அவள் வைத்த சப்பாத்தியைத் தொடாமல் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனான். மெஸ் முதலாளி முருகானந்தம் அவளை உள்ளே காய் நறுக்க அனுப்பினார்.

"பொங்கல் லீவு முடிஞ்சு பசங்க வர்றதுக்குள்ள கை சரியாகணும் செல்லக்கிளி. இல்லேன்னா பாத்திரம் கழுவற பக்கம் போயிடு" என்றாராம்.

நாள் பூரா சோப்புத் தண்ணீரில் ஊறினால் அந்தக் கை என்ன ஆகும்? முதலாளிக்கு அதெல்லாம் தோன்றுமா என்ன.

"பாத்திரம் கழுவறது கேவலம்னு சொல்லலீங்க சிஸ்டர்" என்றாள் என்னிடம். "பசங்க சாப்பிடற மூஞ்சியப் பார்க்காம இருக்க முடியலீங்க." சொல்லும்போதே அழுதுவிட்டாள். அவள்மேல் வந்த இரக்கத்தில்தான் நான் வாயை விட்டேன்.

"இதுல என்னங்க கிருமி?" என்று கேட்டாள்.

"பயப்படாதீங்க, தயிர்ல இருக்கற மாதிரி நல்ல கிருமிதான்" என்றேன்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டேன்.

திங்கட்கிழமைதோறும் போன் செய்து கை எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டியது என் வேலை. மூன்றாவது வாரம் அவள் எரிந்து விழுந்தாள். "இடது கை பூ மாதிரி ஆயிடுச்சுங்க. அத வச்சு நான் என்ன பண்ண? இடது கையால சோறு போட்டா எவன் சாப்பிடுவான்?"

அடுத்த வாரத்திலிருந்து குரல் ஒரேயடியாகக் குளிர்ந்துவிட்டது. "நேரம் தவறாம போடறேன் சிஸ்டர்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. மக்கு, எனக்குச் சந்தேகமே வரவில்லை.

பொங்கல் முடிந்து வந்தாள். மேஜைமேல் இரண்டு கைகளையும் விரித்துவைத்தாள். வலது கை வழவழவென்று இருந்தது. நாளை முதல் பரிமாறச் சொல்லி முதலாளி உத்தரவு கொடுத்துவிட்டாராம். சந்தோஷத்தில் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"நீங்கதான் தயிர்னு சொன்னீங்களே. ரெண்டு டம்ளர்ல வெதுவெதுன்னு பால ஊத்தி, ஒவ்வொரு டியூப்லேருந்தும் ஒரு துளி விட்டு மூடி வச்சேன். காலைல பார்த்தா, வலது கை டியூப் விட்டது பாலாவே கெடக்கு. இடது கை டியூப் விட்டது கெட்டித் தயிருங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, டியூப மாத்திட்டேன்."

"அந்தத் தயிர என்ன பண்ணீங்க?"

"கொட்டினா பாவம் இல்லீங்களா? மோர்க்குழம்பு வச்சுட்டேன். எங்க வீட்டுக்காரரு ரெண்டு தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு."

விதிமீறல் அறிக்கையில் இதை எப்படி எழுதுவது? மோர்க்குழம்புக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன். டாக்டர் மூன்று முறை படித்தார். "நிஜமாவே உறைஞ்சுதா?" என்று கேட்டார். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, இந்தக் கிருமி பாலை உறைய வைக்கிற ஜாதியே இல்லை என்று சொல்லி, அவள் கணக்கைத் தனியே எடுத்துவைத்தார்.

ஜூனில் பட்டியலைத் திறந்தார்கள். செல்லக்கிளியின் வலது கை டியூபில்தான் மருந்து இருந்தது. அவள் பால் ஊற்றிக் கண்டுபிடித்து, ஆசையாக வலது கைக்கு மாற்றிக்கொண்டது வெறும் களிம்பு.

போனில் சொல்ல மனம் வரவில்லை. பஸ் ஏறித் துவாக்குடிக்குப் போனேன். மத்தியானக் கூட்டம். அவள் சாம்பார் வாளியோடு வரிசையாக வந்துகொண்டிருந்தாள். அன்று தட்டை நகர்த்தியவன், அவளே காட்டித்தான் தெரியும், மூன்றாவது சப்பாத்திக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தான். சொல்லாமலே திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனாலும் என்னை உட்கார வைத்துத் தட்டு போட்டபோது சொல்லிவிட்டேன்.

வாளியைக் கீழே வைத்தாள். "அப்ப தயிரு எப்படிங்க உறைஞ்சுது?" என்றாள். பிறகு நெற்றியில் தட்டிக்கொண்டாள். "தயிரு உறைஞ்ச டம்ளரு, முந்தின நாள் எங்க வீட்டுக்காரரு மோர் குடிச்சது. கழுவிட்டேன்னு அவரே சொன்னாரு. அவரு கழுவற லட்சணம் எனக்குத் தெரியாதா?"

"கை எப்படி சரியாச்சுன்னுதான் புரியல" என்றேன்.

"பரீட்சை முடிஞ்சதுலேருந்து பொங்கல் வரைக்கும் மெஸ் லீவு. ஒரு மாசம் வெங்காயமும் இல்ல, தக்காளியும் இல்ல. வீட்டுப் பாத்திரம் அவருதான் கழுவினாரு, அந்த லட்சணத்துலயே. நேரத்துக்குக் களிம்பு போட்டேன். அதோட, நீங்க ஒரு ஆளு வாராவாரம் போன் பண்ணி 'கை எப்படி இருக்கு'ன்னு கேட்டீங்க. பதினோரு வருஷத்துல என் கையப் பத்தி வேற யாருங்க கேட்டா?"

அந்தக் கேள்வியை நான் அச்சடித்த தாளைப் பார்த்துத்தான் படித்தேன். பாதி நாள் பதிலைக்கூடச் சரியாகக் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. குனிந்து சாப்பிட ஆரம்பித்தேன்.

செல்லக்கிளி வலது கையால் ஒரு கரண்டி தயிரை அள்ளி என் சோற்றின்மேல் விட்டாள்.

"இது கடைத் தயிருதாங்க. பயப்படாம சாப்பிடுங்க" என்றாள்.